கட் சொல்லாத சாயங்காலம்

இல்லீங்க, இந்தக் காலனிக்கு ராத்திரியே வராதுன்னு உங்ககிட்டச் சொன்னது சுத்தப் பொய்யி. ராத்திரி தெனமும் வந்துட்டுத்தான் இருக்குது, கேட்டு வரைக்கும் வந்து, கேட்டுக்கு அக்கட்ட நின்னு, விடியற வரைக்கும் உள்ள எட்டிப் பாத்துட்டுத் திரும்பிப் போகுது, உள்ள வர்றதுக்குத்தான் அதுக்கு இன்னும் உத்தரவு ஆகல. வாடகைக்கு ஊடு பாக்க வர்றவங்க எல்லாரும் மொதல்ல இதத்தான் கேக்கறாங்க, நீங்களும் கேட்டுட்டீங்க, சொல்லாமச் சாவியக் கையில குடுத்தா அது பாவம். உக்காருங்க. அங்க நடுவுல வேண்டாங்க, இப்படிச் செவுத்துல முதுகக் குடுத்து உக்காருங்க, இங்க நாங்க எல்லாருமே அப்படித்தான். என்னோட முறை வர்றதுக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்குது, அதுக்குள்ள சொல்லி முடிச்சுடறேன்.

நூல் மில்லு மூடி பதினாலு வருசமாச்சுங்க. மில்லுக்காரங்க போய்ட்டாங்க, குவார்ட்டர்ஸ்ல இருந்த நாங்க போகல, போறதுக்கு வேற எடமில்ல. ரெண்டு பிளாக்கு, நாப்பத்தெட்டு ஊடு, ஒரு தண்ணித் தொட்டி. மில்லுல பிட்டரா இருந்தவன் நான், மூடுனதுக்கப்புறம் மோட்டார் போட்டு உடற வேலையப் பாத்துக்கிட்டேன். மூணு வருசத்துக்கு முந்தி ஒரு கார்த்திகை மாசம், ஒரு சினிமா கம்பெனி வண்டி ரெண்டு வந்து தொட்டிகிட்ட நின்னுது. பேய்ப் படம். டைரக்டர் தம்பி பேரு விமலன், இருவத்தெட்டு வயசிருக்கும், கழுத்துல துண்டு, கண்ணுல தூக்கமே இல்ல. காலனிச் சனத்தையெல்லாம் கூட்டி வெச்சுச் சொன்னாப்ல, இந்தப் படத்துல வெட்டு ஒட்டே கெடையாது, ஸ்டார்ட் பண்ணா முடியற வரைக்கும் கேமரா நிக்காமப் போய்ட்டே இருக்கும், அம்பது நிமிசம் ஒரே மூச்சு, பேய யாருமே பாக்க மாட்டாங்க, ஏன்னா கேமராதான் பேய்.

எங்க சங்கத்துச் செகரட்டரி சென்னியப்பன் எந்திரிச்சுக் கேட்டாரு: "ஏந் தம்பி, பேயே காட்டாத பேய்ப் படத்துக்கு நாங்க எதுக்குங்க டிக்கெட் எடுக்கோணும்?"

விமலன் தம்பி சிரிக்கல. "அண்ணே, உங்க முதுக நீங்க என்னைக்காவது பாத்திருக்கீங்களா? அங்கதான் இருக்கும் அது."

அன்னைக்கு அங்க இருந்த அத்தன பேரும் பொடனியத் தடவிக்கிட்டோம். அதுக்கப்புறம் அந்தக் கைய நாங்க எறக்குனதே இல்லைன்னு வெச்சுக்கங்க.

கதை இவ்வளவுதானுங்க. அது ஒருத்தர் முதுகுக்குப் பின்னால வந்து நிக்கும், கொஞ்ச நேரம் நிக்கும், அவங்க விழுந்துருவாங்க, அடுத்த ஆளத் தேடிப் போகும். மொத்தம் ஏழு பேரு. அஞ்சு பத்துக்கு நல்ல வெயில்ல ஆரம்பிச்சு, ஆறு மணிக்கு ஏழாவது ஆளு விழுகறப்ப இருட்டும் சேர்ந்து விழுகோணும், லைட்டுப் போட்டு ஏமாத்தறதில்ல, நெசமான இருட்டு. ஏழு பேருமே எங்க காலனி ஆளுங்கதான். பாத்திரம் வெளக்கறதுக்குப் பழனாத்தா, கேரம் ஆடறதுக்குச் செகரட்டரி மகன் சபரிநாதன், இப்படி. ஏழாவது எங்கூட்டுக்காரி துளசிமணி. முப்பத்தொண்ணாம் நம்பர்ல வாசலுக்கு முதுகக் காட்டி உக்காந்து ஜாக்கெட் தெக்கோணும். அவ தெனமும் செய்யறதே அதுதான்.

எனக்கும் ஒரு வேல வந்துது. கேமராவ நெஞ்சோட கட்டிக்கிட்டு நடக்கறது லாரன்ஸ்னு ஒரு தம்பி, மாசமான பொம்பள மாதிரி சாஞ்சுதான் நடக்கும், கண்ணு முழுக்க இடுப்புகிட்ட இருக்கற குட்டித் திரையில இருக்கும், தரை தெரியாது. பின்னால ஒரு ஆளு அதோட பெல்ட்டப் புடிச்சு, படி வந்தா தூக்கி, திருப்பம் வந்தா இழுத்து, மாடு ஓட்டற மாதிரி ஓட்டோணும். கம்பெனி ஆளுக்கு மஞ்சக் காமாலை. இந்தக் காலனியில கண்ண மூடிட்டுப் படி ஏறத் தெரிஞ்ச ஆளு யாருன்னு கேட்டாங்க, எல்லாரும் மோட்டார்காரனக் கைகாட்டிட்டாங்க. கூடவே இன்னொண்ணும் எனக்குத்தான். ஒருத்தரு முதுகு திரைக்குள்ள வந்து லாரன்ஸ் நின்னவொடனே, லாரன்ஸோட இடுப்புத் தோல்பட்டையில வெரலால பத்துத் தட்டுத் தட்டோணும். அந்தச் சத்தம் முன்னால உக்காந்திருக்கறவங்களுக்கு மட்டும் லேசாக் கேக்கும். பத்தாவது தட்டுல அவங்க விழுகோணும், நான் பெல்ட்டத் திருப்போணும்.

சட்டம் மூணு. கேமராவப் பாக்கக் கூடாது. சாதாரணமா இருக்கோணும். அப்புறம், எவன் செத்தாலும் நிறுத்தக் கூடாது, கட் சொல்றது டைரக்டர் ஒருத்தர்தான்.

நாலு நாள் ஒத்திகை பாத்தோம். பழனாத்தா நாலு நாளும் விழுகறப்பச் சிரிச்சிருச்சு. அஞ்சாம் நாளு, நெசமா எடுக்கறப்ப, நான் பத்தாவது தட்டுத் தட்டுனேன், அது விழுந்துது பாருங்க, தண்ணி நெறஞ்ச கொடம் சாஞ்ச மாதிரி, பாத்திரமெல்லாம் உருண்டு போச்சு, மொகத்துல ஒரு சிரிப்பும் இல்ல. எனக்கு வெரலு சில்லுன்னு ஆயிருச்சு. நல்லா நடிக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன். ரெண்டாவது ஆளு, மூணாவது ஆளு, ஒவ்வொருத்தரும் அப்படியே விழுந்தாங்க, பின்னால குனிஞ்சுக்கிட்டே ஓடி வந்த டைரக்டர் தம்பி சந்தோசத்துல தன்னோட துண்டக் கடிச்சுக்கிட்டாப்ல. ஒரே மூச்சுல எடுக்கறப்பக் கம்பெனி ஆளு எவனும் கேமராவுக்கு முன்னால இருக்கக் கூடாது, அது திரும்பற பக்கமெல்லாம் இவங்களும் அதுக்குப் பின்னாலேயே ஓடிக்கிட்டு இருக்கோணும். ஆறாவதா சபரிநாதன் கேரம் போர்டு மேலயே கவுந்தான். மணி அஞ்சு நாப்பது.

அங்கிருந்து பி பிளாக்குக்குத் திரும்பறப்பத்தான், தண்ணிக் கொழாய்கிட்ட, யாரோ ஒரு பக்கெட்ட ரொப்பி வெச்சிருந்தாங்க. அது ஒத்திகையில இல்ல. பக்கெட்ட எத்துனாச் சத்தம் வரும்ங்கறது ஒண்ணு, மோட்டார் போட்டு உடற எனக்குத் தண்ணி வீணாப் போகக் கூடாதுங்கறது ஒண்ணு, கை தன்னால பெல்ட்ட எடது பக்கம் இழுத்துருச்சு. லாரன்ஸ் பம்பரமாச் சுத்துனாப்ல. பின்னால இருக்க வேண்டிய டைரக்டரு நேரா முன்னால நிக்கறாரு.

ஒரு வார்த்தைங்க. கட்டுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சு போயிருக்கும், நாளைக்கு மறுபடியும் எடுத்திருக்கலாம். ஆனா அரை மணி நேரம் ஒரு பெசகுமில்லாமப் போயிருக்குது, அந்த வெயிலு அப்படி விழுந்திருக்குது, அந்தத் தம்பிக்கு மனசு வரல. அவரு என்ன பண்ணாருன்னா, மெதுவா எங்களுக்கு முதுகக் காட்டித் திரும்பி, காலனிக்காரன் மாதிரி கொழாயத் தொறந்து, ரெண்டு கையையும் குமிச்சுத் தண்ணி குடிக்க ஆரம்பிச்சாரு. அவரு சொன்ன சட்டம் அவருக்கும்தானே, சாதாரணமா இருந்தாரு. லாரன்ஸ் நின்னாப்ல. திரையில முதுகு. என்னோட வெரலு தட்ட ஆரம்பிச்சுது. எதுக்குத் தட்டறேன்னு நாலாவது தட்டுலயே யோசிச்சேன், பழகுன வெரலுங்க, நிக்கல. பத்தாவது தட்டுல அவரு கொழாயடியில சாஞ்சாரு. தண்ணி பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருந்துது. சூரியன் மில்லுப் பொகைக் கூண்டுக்கு ஒரு சாண் மேல இருந்துது. வெளிய வந்து பாருங்க, இன்னும் அங்கதான் இருக்குது.

கட் சொல்ல வேண்டிய ஆளு விழுந்து கெடக்கறாரு. விழுந்தவங்க கட் சொல்ற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது. நாங்க காத்திருந்தோம். வாட்சுல ஏழு ஆச்சு, ஒம்பது ஆச்சு, வெயிலு அப்படியே மஞ்சளா நிக்குது, லாரன்ஸ் நடந்துக்கிட்டே இருக்காப்ல, பின்னால நான். டைரக்டரோட அசிஸ்டெண்டு கட் சொன்னாரு. மறுநாளு கம்பெனி மொதலாளி வந்து மைக்குல சொன்னாரு. இன்ஸ்பெக்டர் லத்தியத் தரையில தட்டிச் சொன்னாரு. ஈரோட்டுல இருந்து பலகுரல்காரர் ஒருத்தரக் கூட்டிட்டு வந்து விமலன் குரல்லயே சொல்ல வெச்சாங்க. லாரன்ஸ் சித்த நேரம் நின்னாப்ல, மோப்பம் புடிக்கற மாதிரி மூக்கத் தூக்குனாப்ல, அப்புறம் நடந்துட்டாப்ல. டாக்டரு ஒருத்தரு விழுந்தவங்க ஏழு பேரு நெஞ்சுலயும் குழாய வெச்சுப் பாத்துட்டு, உசிரு இருக்குதுங்க, ஆனா வேலையா இருக்குதுன்னு சொல்லிட்டு, பீசு கேக்காமயே கெளம்பிட்டாரு.

அப்புறம் பழகிக்கிட்டோம். எதுக்குத்தான் பழகல. இருட்டே இல்லாததால ஜன்னலுக்கெல்லாம் கம்பளியக் கட்டித் தூங்கறோம், வடகம் எந்நேரமும் காயுது ஆனா முழுசாக் காயறதில்ல, முல்லைக் கொடி மூணு வருசமா மொட்டாவே நிக்குது, பூக்காரம்மா மொட்டாவே தொடுத்துக் குடுக்குது. கோயில் பூசாரி தெனமும் கேட்டுகிட்டப் போய் அக்கட்ட இருட்டிருச்சான்னு பாத்துட்டு வந்துதான் வெளக்கு வெக்கறாரு. சேவல் ஒண்ணு கூவறதுக்குன்னே கேட்டு மேல போய் ஏறி நிக்கும், வெளிய பாத்துக் கூவிட்டு உள்ள எறங்கிக்கும். கல்யாணம் பண்ணுன ஒரு சோடிக்குச் சாந்தி முகூர்த்தத்த உக்கடத்துல ஒரு லாட்ஜுல வெச்சோம், இங்க நேரம் அமையலைன்னு. விழுந்தவங்கள நகத்தக் கூடாது, நகத்துனா முன்ன இருந்த எடம் மாறிப்போய்ப் படம் கெட்டுப் போகும்னு அசிஸ்டெண்டு அழுதுக்கிட்டே சொல்லிட்டுப் போயிருந்தாரு, அதனால அவங்க கெடந்த எடத்துலயே கெடக்கறாங்க, கேமரா அந்தப் பக்கம் போனதும் பொம்பளைங்க ஓடிப் போய் மொகத்தத் தொடச்சு ஈய ஓட்டி உட்டுட்டு வருவாங்க.

ஆனா அது வர்றப்ப இருக்கற பயம் மட்டும் பழகலீங்க. ஒரு நாளைக்கு ரெண்டு வாட்டி உங்க ஊட்டுக்குள்ள வரும். மொதல்ல கெட்டியா ஒரு அமைதி வரும், அப்புறம் பொடனியில ஐஸ் வெச்ச மாதிரி இருக்கும். திரும்பிப் பாக்கக் கூடாது. எந்திரிச்சு ஓடக் கூடாது. வெங்காயம் அறிஞ்சுட்டு இருந்தா அறியோணும், கொழந்தைக்குச் சோறு ஊட்டிட்டு இருந்தா ஊட்டோணும், கை நடுங்காம ஊட்டோணும். சாதாரணமா இருக்கறதப் போல ஒரு கஷ்டம் ஒலகத்துல கெடையாதுங்க. தட்டுச் சத்தம் கேக்காத வரைக்கும் ஒண்ணும் ஆகாது, சித்த நேரம் நின்னுட்டுப் போயிரும். ஒண்ணே ஒண்ணு, அது நிக்கறப்ப மனசுக்குள்ள எண்ணிராதீங்க. இந்த ஊட்டுல உங்களுக்கு முந்தி இருந்தவரு அக்கவுண்டண்டு, எண்ணிப் பழகுன மனுசன், பயத்துல பத்து வரைக்கும் எண்ணிட்டாரு. சமையக்கட்டுலதான் இருக்காரு. நீங்க உள்ள போறப்பக் கொஞ்சம் வெலகிப் போயிட்டீங்கன்னா அவரால ஒரு தொந்தரவும் இல்ல.

அந்தப் பெல்ட்ட ஒரு நிமிசம்கூட உட்டுரக் கூடாதுங்க, ஏன்னு இப்பச் சொல்றேன். மொத வாரத்துல நான் கெறங்கிப் போய் ஒருக்கா கைய உட்டுட்டேன். லாரன்ஸ் தானா நடந்து, நேரா, தேரு மாதிரி, பி பிளாக்குப் படியப் பாத்துப் போகுது. முப்பத்தொண்ணாம் நம்பருக்கு. அதுக்குத் தெரியுதுங்க, இன்னும் ஒரு ஆளு பாக்கின்னு. டைரக்டரு கணக்குல சேர மாட்டாரு, கதையில எழுதுனது துளசிமணிய. நான் ஓடிப் போய்ப் படியில புடிச்சு இழுத்தேன். அன்னையில இருந்து ஆறு பேரு முறை வெச்சுப் புடிக்கறோம், மூணு வருசமா அந்தப் படிக்கு மட்டும் போக உடாமச் சுத்தி உட்டுக்கிட்டு இருக்கறோம்.

அவள ஊர உட்டே அனுப்பிப் பாத்தேன். பொள்ளாச்சியில அவ அக்கா ஊட்டுக்குப் போனா. லாரன்ஸ் கேட்டுகிட்டப் போய் நின்னாப்ல, நாங்க ஆறு பேரு சேர்ந்து இழுத்தும் அசையல, அப்புறம் கேட்டத் தாண்டி நடந்துட்டாப்ல. ரெண்டாம் நாளு கேட்டுக்கு அக்கட்ட இருக்கற தெருவுலயும் ராத்திரி வரல. மூணாம் நாளு அதுக்கு அடுத்த தெரு. அங்க ஒரு டீக்கடைக்காரரு, ஒண்ணும் தெரியாத மனுசன், கேமராவுக்குக் குறுக்க முதுகக் காட்டிக்கிட்டு நின்னு கிளாஸ எண்ணி எண்ணிப் பாலாத்திட்டு இருந்தாரு, பத்தாவது கிளாஸுல சாஞ்சுட்டாரு. தகவல் தெரிஞ்சதும் துளசி அடுத்த பஸ்ஸுல வந்து எறங்கிட்டா. "என் ஒருத்திக்காக ஊரு பூராச் சாயங்காலமாத் திரியறதா?"ன்னு கேட்டுட்டுப் போய் மிஷின்ல உக்காந்துட்டா, லாரன்ஸும் கேட்டுக்குள்ள திரும்பிட்டாப்ல. அந்தா, எதுத்தாப்ல ரெண்டாவது மாடி ஜன்னலு, மிஷின் சத்தம் கேக்குதுங்களா, அவதான்.

போன மாசம் சங்கத்துக் கூட்டம். சென்னியப்பன் எந்திரிச்சு நின்னாரு, பழைய கிண்டலெல்லாம் அவருகிட்ட இப்ப இல்ல. "கிட்டுச்சாமி, எம் பையன் மூணு வருசமா ஒரே காய அடிக்கறதுக்குக் குனிஞ்சு கெடக்கறான். நானும் தெனம் எதுத்தாப்ல போய் உக்காந்துக்கறேன், ஆட்டம் என்னோட முறைக்கு வரவே மாட்டேங்குது. படத்த முடிச்சு உடுப்பா."

"முடிச்சா எந்திரிப்பாங்கன்னு யாரு சொன்னதுங்க?"

"எந்திரிக்க மாட்டாங்கன்னு யாரு சொன்னது?"

கதைக் காயிதத்தக் கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சவன் இந்தக் காலனியில நான் ஒருத்தன். நைட் ஸ்கூல்ல பத்தாவது முடிச்சது இதுக்குத்தான் ஒதவிச்சு. அதுல என்ன எழுதியிருக்குதுன்னா, ஏழாவது ஆள் விழுகிறாள், இருள், அவ்வளவுதான். இருட்டுக்கு அப்புறம் ஒண்ணும் எழுதல. எழுத வேண்டியவரு கொழாயடியில கெடக்கறாரு. கூட்டத்துல அதப் படிச்சுக் காட்டுனேன். யாரும் எங்கூடச் சண்ட போடல. பழனாத்தாவோட மருமக மட்டும் மெதுவாக் கேட்டுது: "ஏனுங்கண்ணா, எங்கத்தைக்கு மட்டும் தட்டறப்ப இதப் படிச்சுப் பாக்கலீங்களா?" நான் காயிதத்த மடிச்சுப் பைக்குள்ள வெச்சுக்கிட்டேன்.

முந்தாநேத்து சென்னியப்பன் முறையில, அவரு லாரன்ஸ பி பிளாக்குப் படிக்கு ஓட்டிட்டுப் போய்ட்டாரு. துளசி சொன்னா, பொடனி சில்லுன்னு ஆச்சு, தட்டுச் சத்தம் கேட்டுது, தெச்சுக்கிட்டே இருந்தேன், ஏழு வரைக்கும் கேட்டுது, அப்புறம் யாரோ அழுகற சத்தம் கேட்டுது, அது போயிருச்சுன்னு. ஏழுல மனுசனுக்குக் கை வரல. அவர நான் ஒண்ணும் கேக்கல. அவரு மகனுக்குப் பத்துத் தட்டுனவன் நானு, அவரு எம் பொண்டாட்டிக்கு ஏழுதான் தட்டியிருக்காரு, எதக் கேக்கறது?

நேத்து சோறு போடறப்ப அவளே பேச்செடுத்தா. தட்டுல ரசத்த ஊத்திக்கிட்டே, ஓரம்பரை, சொந்தக்காரங்க ஊட்டுக்கு எப்பக் கெளம்பறதுன்னு கேக்கற மாதிரி கேட்டா. "ஏனுங்க, நாளைக்கு நீங்க புடிச்சுட்டு வந்துருங்களேன்."

நான் சோத்தப் பெசஞ்சுக்கிட்டே இருந்தேன்.

"நேத்து ஏழுல நின்னவரு இன்னொரு நாளு பத்துக்குப் போவாரு. அவரு மேலயும் தப்பில்ல. ஆனா வேற ஆளு தட்டி நான் விழுகறதுக்கு எனக்குப் பயமா இருக்குதுங்க. உங்க தட்டுன்னா எனக்குத் தெரியும். நிதானமா வரும், ஒம்பதுல ஒரு தயக்கம் தயங்கும். ஒத்திகையில நாலு நாளும் தயங்குச்சு. அதக் கேட்டேன்னா நான் சாஞ்சுக்குவேன்."

"எந்திரிக்கலீன்னா என்ன புள்ள பண்றது?"

"மொகத்தத் தொடச்சு உடுங்க. ஈ ஓட்டுங்க. இத்தன பேரு பண்ணலியா?"

அவ்வளவுதானுங்க. காலையில தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டா, அன்னைக்குக் கட்டியிருந்த அதே பச்சச் சேலையக் கட்டிக்கிட்டா, அன்னைக்குப் பாதியில உட்ட ஜாக்கெட்டத் தேடி எடுத்து மிஷின்ல வெச்சுக்கிட்டா. நான் ஒத்துக்கிட்டேன். ஒத்துக்கிட்டேன்னு சொல்றனே தவிர, என்னோட வெரலு இன்னும் ஒத்துக்கல. இத்தன வருசமா அவளக் காப்பாத்தறேன்னு நெனச்சுக்கிட்டு அந்தப் பேயோட முதுகுக்குப் பின்னால நடந்திருக்கறேன், அதோட மொகத்த ஒருக்காக்கூடப் பாத்ததில்ல. இப்ப பெல்ட்டுல சென்னியப்பந்தான் இருக்காரு. ஏ பிளாக்குலயே சுத்திட்டு இருங்க, நான் வந்து வாங்கிக்கறேன்னு சொல்லிட்டு வந்தேன். தலைய ஆட்டுனாரு. உங்களுக்கு ஊட்டக் காட்டிட்டு அஞ்சு நிமிசத்துல போயிரலாம்னுதான் வந்தது, பேச்சுல நேரம் போனது தெரியல, போறதுக்கு மனசும் வரல, அதனாலதான் நீங்க கேக்காததையும் சேர்த்துச் சொல்லிட்டு உக்காந்திருக்கறேன்னு நெனைக்கறேன்.

சித்த இருங்க. மிஷின் சத்தம் நின்னுருச்சு.

கூப்புடறா. கேக்குதுங்களா, என்னத்தான் கூப்புடறா. அவ திரும்பாமத்தான் பேசறா, சத்தம் செவுத்துல பட்டு வருது.

"ஏனுங்க... வந்துட்டீங்களா? தட்டு என்னுங்க இவ்வளவு வேகமா இருக்குது? பெல்ட்டுல நீங்கதானே?"

வழிய உடுங்க. சாவிய அங்கேயே வெச்சுருங்க. ஆமா துளசி, நாந்தான், நாந்தான் புடிச்சிருக்கறேன், பயப்படாத, இதோ, நாந்தான்.